காட்டண்ணை

நியூ லின்னில் தமிழர் கூடும் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் அவரைக் காணலாம். கட்லட் தட்டோடு ஒதுங்கி நிற்பவனாகப் பார்த்துப் பக்கத்தில் வந்து, "போன கிழமை காட்டுக்குப் போனனான், தம்பி" என்று தொடங்குவார். ‘காடு’ என்ற சொல் வரும்போது குரல் தாழும். பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்த செய்தியை ஊருக்குத் தெரியாமல் சொல்பவரின் குரல் அது. அவருடைய சொந்தப் பெயர் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. எங்களுக்கு அவர் காட்டண்ணை.

உண்மையில் காட்டண்ணை ஒருவரல்லர். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரையும் ஒரே ஆளாகப் பிசைந்துதான் இங்கே வைக்கிறேன். அப்படி வைத்தால்தான் நாலு பேரும் இது மற்றவன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

காடு என்றதும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுகிற மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி ஏறுகிறவர்களுக்காக இந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் 900-க்கு மேற்பட்ட மலைக்குடில்களை வைத்திருக்கிறது. சொற்பக் காசுதான். படுக்கைப் பையை நாமே சுமந்து போக வேண்டும், முன்பின் தெரியாதவரின் குறட்டைக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், போட்ட குப்பையை நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். காட்டண்ணைக்கு அது பிடிக்காது. "உது மடம் மாதிரியப்பா. நாங்கள் என்ன காவடிக்கே வந்தனாங்கள்?" என்பார். அவருக்கு வேண்டியது காட்டு விடுதி. சீவாத மரத்தில் சுவர், மின்சாரம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, கதவைத் திறந்தால் பன்னம். இரவொன்றுக்கு 350 டொலர். கஷ்டப்படுவதிலும் ஒரு தரம் வேண்டும் என்பது அவர் கட்சி.

முதன்முதலாக அந்த விடுதியின் விளம்பரத்தை அவர் தன் மனைவிக்கு (எங்களுக்கு அக்கா) வாசித்துக் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். ‘ஓஃப்-கிரிட்’ என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தார்.

"அப்பிடியெண்டா?" என்றார் அக்கா, வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கரண்ட் இல்லை. குழாய்த் தண்ணி இல்லை. டெலிபோன் எடுக்காது."

அக்கா வெங்காயத்தை அரிந்து முடித்தார். "தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் யாழ்ப்பாணத்தில கரண்டை நிப்பாட்டினவங்கள். அண்டையில இருந்து நாங்கள் ஓஃப்-கிரிட்டில தானே இருந்தனாங்கள். ஒருத்தனும் காசு கேக்கேல்லையே."

காட்டண்ணை இதற்கெல்லாம் அசைகிறவரல்லர். மறுநாளே முற்பணம் கட்டிவிட்டார்.

விடுதி இருப்பது வைட்டாக்கரே மலையில். நியூ லின்னிலிருந்து திட்டிராங்கி வழியாகக் காரில் போனால் அரை மணித்தியாலம்கூட ஆகாது. இந்த அரை மணித்தியாலத்துக்கு அவர் கட்டும் மூட்டைகளைப் பார்த்தால் நிரந்தரமாகக் குடிபெயர்கிறார் என்று அயல்வீட்டுக்காரர் நினைப்பார். லின்மோலில் ஒரு சுற்று (1963-இல் திறந்தபோது அமெரிக்க பாணியில் இந்த நாடு கண்ட முதல் அங்காடி அதுதான், காட்டுக்கு வேண்டிய எல்லாம் அங்கேயே கிடைக்கிறது), பிறகு தமிழ்க்கடையில் ஒரு சுற்று. ஐஸ்பெட்டி இரண்டு, சோற்றுப் பானை, வறுத்த மிளகாய்த்தூள், கருவாடு, தேங்காய்ப் பால் டின், ஊரிலிருந்து வந்த பனையோலை நீத்துப்பெட்டி. அவர் வீடு போர்ட்டேஜ் ரோட்டுக்குப் பக்கத்தில். அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே, அந்தக் காலத்து மாவோரிகள் வாவு ஆற்றிலிருந்து மனுக்காவ் குடாவுக்கு ஓடங்களைத் தரைவழியே இழுத்துப் போன பாதை அது என்பதால்தான். இரண்டாவது ஐஸ்பெட்டியைக் காருக்கு இழுத்துப் போகும் காட்டண்ணையைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அந்த ஓடங்களின் நினைப்பு வரும்.

காட்டு வாசலில் சப்பாத்துக் கழுவும் இடம் ஒன்று உண்டு. மலையின் பெருமரமான கௌரிக்கு வேரழுகல் நோய் வந்திருக்கிறது. நோய்க்கிருமி மண்ணோடு மண்ணாகப் பயணம் செய்வது. குண்டூசித் தலையளவு மண் சப்பாத்தில் ஒட்டியிருந்தாலே போதும். அந்த மலையின் மாவோரிக் குடியினரான தே கவெராவ் ஆ மாக்கி 2017 டிசம்பரில் காட்டுக்கே ராஹூயி போட்டு, யாரும் உள்ளே போகக் கூடாது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு மாநகர சபையும் காட்டுப் பாதைகளை மூடியது. பிறகு பாதைகளைச் சீராக்கி ஒவ்வொன்றாகத் திறந்தபோது, தூரிகையால் தேய்த்து மருந்து தெளித்த பிறகே உள்ளே கால்வைக்கலாம் என்றார்கள். வேறு எந்த விதியிலும் சந்து தேடுகிற காட்டண்ணை இந்த ஒன்றுக்கு மட்டும் அப்படியே பணிவார். அம்மன் பெயருள்ள மரத்தைக் கால் கழுவாமல் போய்ப் பார்க்கலாமா? அது மாவோரிச் சொல், கேதார கௌரி விரதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பேர் தற்செயலா வராது, தம்பி" என்றார். மருந்து தெளித்த கையைப் பழக்கதோஷத்தில் தலைக்குக் கொண்டுபோனபோது அக்காதான் எட்டிப் பிடித்தார்.

உள்ளே நடக்கிற நடை தனி. இந்த நாட்டில் பாம்பே இல்லை. குழந்தைகளும் அறிந்த விஷயம், காட்டண்ணையும் அறிந்த விஷயம்; ஆனால் அவருடைய கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. வன்னியில் மாமா வீட்டுக்குப் போன நாட்களில் பழகியபடி, ஒரு தடியால் நிலத்தைத் தட்டித் தட்டித்தான் போவார். பின்னால் வரும் வெள்ளைக்காரப் பெண்மணி அதை ஏதோ கீழைத்தேயத் தியானம் என்று நினைத்து மரியாதையோடு இடைவெளி விட்டு வருவார்.

விடுதி அறைக்குள் போனதும் முதலில் நடப்பது ஆய்வு. கக்கூஸ் குழிக் கக்கூஸ். தண்ணீர் இல்லை, போனபின் ஒரு கோப்பை மரத்தூள் போட வேண்டும். ஊரில் இதே குழிக் கக்கூஸைத் தூர்த்து, மதவாச்சிக்கு அப்பால் போய்ப் பீங்கான் வாங்கி வந்து வைத்த அன்று அவர் தகப்பனார் அயலவருக்கெல்லாம் பால்ரொட்டி கொடுத்தாராம். அந்தக் கதையை அவரே சொல்வார். சொல்லிக்கொண்டே மரத்தூள் கோப்பையைப் படம் எடுப்பார். வெளியே மரத்தட்டில், கூரையில்லாத இடத்தில், கால் வைத்த இரும்புக் குளியல்தொட்டி ஒன்று. அடியில் விறகு மூட்டி, நட்சத்திரம் பார்த்தபடி கிடந்து குளிப்பதற்கு.

"ஆர் உந்த மாட்டுத்தொட்டியை இதில வச்சது?" என்று கேட்டார் அக்கா.

ஒரு தரம் நானும் கூடப் போயிருந்தேன். அவர் சாரத்தோடு தொட்டியில் இறங்கியதற்கு நான் சாட்சி. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்த உடம்புக்குக் கிடந்து குளிப்பது எப்படி என்று புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்று, தேநீர்க் கோப்பையால் தலைக்கு மொள்ளத் தொடங்கினார்.

அந்தக் கோப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடித்த வெள்ளைக் கோப்பை, ரெயில் நிலையங்களில் தேநீர் கொடுத்த அந்தக் காலத்து வகை. விடுதிக்காரப் பெண்மணி அதை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார், நாட்டுப்புறத்தின் பழம்பொருள் என்றார். காட்டண்ணையும் இரண்டு கையாலும் வாங்கினார். நான் கவிழ்த்துப் பார்த்தேன்: கிரவுன் லின். நியூ லின் களிமண்ணில், நியூ லின் சூளையில் சுட்டது. 1989-இல் தொழிற்சாலை மூடிப் போய், இப்போது அம்பிரிக்கோ பிளேஸில் அதன் நினைவுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அண்ணை வீட்டிலிருந்து நடந்தே போகலாம், இதுவரை போனதில்லை. இங்கே 350 டொலர் கொடுத்து, தன் ஊர் மண்ணில் மலைத்தண்ணீர் குடித்து, "என்ன ருசி பாரும்" என்கிறார். வீட்டுக்கென்று இரண்டு போத்தலும் நிரப்பிக்கொள்கிறார். இந்த மலையில் 5 அணைகள் இருக்கின்றன, முதலாவது 1910-இல் கட்டியது, ஒக்லாந்தின் குழாய்களில் ஓடுவதில் ஒரு பங்கு இந்த மலை மழைதான் என்பதை நான் சொல்லவில்லை. மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே போகக் கூடாது.

தொலைபேசி எடுக்காது என்பதுதான் விடுதியின் முதல் பெருமை. வந்த முக்கால் மணித்தியாலத்தில் காட்டண்ணை அதை முறியடித்துவிடுவார். தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் மூன்றாவது படியில் நின்று இடது கையை மட்டும் நீட்டினால் ஒரு கோடு வரும். அங்கே நின்று ரொறன்ரோவிலிருக்கும் தமையனுக்கு எடுத்து, இருபது நிமிடம் கதைத்தார். கதைத்ததெல்லாம் ஒன்றே: இஞ்ச சிக்னலே இல்லை, அண்ணை, என்ன நிம்மதி தெரியுமே.

சாப்பாட்டில்தான் அவருடைய இயற்கைப் பற்று சோதனைக்குள்ளாகும். விடுதி தருவது ஒரு கூடை: பாண், முட்டை, மனுக்காத் தேன், ஓட்ஸ். "குதிரைக்குப் போடுறதை ஏன் எனக்குத் தருகினம்?" அக்கா ஏற்கனவே ஒற்றை அடுப்பில் பானையை ஏற்றி, நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கத் தொடங்கியிருந்தார். கருவாட்டுக் குழம்பின் வாசம் பன்னங்களுக்கிடையே புகுந்து அடுத்த குடிலின் யோகாப் பயிற்சிவரை போனது. விடுதிக்காரப் பெண்மணி தேடி வந்தார். சண்டைக்கு என்று நினைத்து அண்ணை ஆங்கிலத்தைத் தயார்செய்தார். அவரோ நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கைவினைக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். பருத்தித்துறைச் சந்தையை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், "ஓஃப்-கிரிட்" என்றார் அண்ணை.

இரவு வேறு மாதிரி. பகலில் காட்டின் சொந்தக்காரராக உலாவுகிறவர், இருட்டியபின் வெளியே போவதற்கு அக்காவைத் துணைக்குக் கூப்பிடுவார். ‘மோர்-போர்க்’ என்று ஆந்தை அலறுவதை ஒருவாறு தாங்கிக்கொண்டார். பதினொரு மணிக்கு பொசம் கத்தியது. உரோமத்துக்காக 1837-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதலில் கொண்டுவந்துவிட்ட பிராணி, இன்று காட்டின் பகை. தொண்டையில் சளி கட்டிய கிழவர் நமக்குப் பின்னால் நின்று இருமிச் சிரிப்பதுபோல ஒரு சத்தம். நான் திடுக்கிட்டு எழுந்தபோது பக்கத்து அறையில் கந்தசஷ்டி கவசம் நடந்துகொண்டிருந்தது, நல்ல வேகத்தில்.

இராமன் பதினாலு ஆண்டு வனவாசத்தில் இருந்த பர்ணசாலைக்கு இலக்குவன் வாடகை கேட்கவில்லை. ஆனால் இராமனுக்கு பொசமும் தெரியாது, சூரிய மின்கலமும் தெரியாது. வைட்டாக்கரேயில் மழை பிடித்தால் விடாது. மூன்று நாள் சூரியனைக் காணாத கலம் ஞாயிறு இரவு உயிரை விட்டது. ஒரே ஒரு விளக்கும் போனது. காட்டண்ணையின் ஆட்டம் அங்கே தொடங்கியது. காசு திருப்பித் தரவேணும் என்றார், வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார், விளம்பரத்தில் மின்சாரம் இல்லை என்றுதானே இருந்தது என்று நான் நினைவூட்டியதும், "அதுக்காக லைட்டும் இல்லாமலோ?" என்று கேட்டார். விடுதிக்காரி கொடுத்த மெழுகுதிரிகளை மத்தியானமே எரித்துப் படம் எடுத்து முடித்திருந்தார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காலைக் கூடையில் வந்த ஜாம் போத்தலைக் கழுவினார். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய், சட்டைக் கொழுவியின் கம்பியை வளைத்து அதில் ஒரு திரி. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விலை ஏறிய நாட்களில் ஒரு வீட்டுக்கு ஓர் இரவை ஓட்டிய விளக்கு. அவர் கை அதைச் செய்து முடிக்க நாலு நிமிடம் ஆகவில்லை. நடுவில் ஒரு தரமும் யோசிக்கவில்லை.

காட்டண்ணை நடப்பதை நிறுத்திவிட்டு மேசையருகே வந்து உட்கார்ந்தார். உயர்தரப் பரீட்சைக்கு இந்த வெளிச்சத்தில்தான் படித்தவர். கொஞ்ச நேரம் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இரசாயனவியலுக்கு எனக்கு சி" என்றார்.

"அதுக்கு விளக்கு என்ன செய்யும்?" என்றார் அக்கா.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து எல்லா அறை விளக்கையும் போட்டுவிட்டு, அண்ணை வெந்நீரில் முக்கால் மணித்தியாலம் நின்றதாகக் கேள்வி. அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாள் விழா. மூலையில், தாழ்ந்த குரலில், "கடைசி இரவு ஒரு சொட்டு வெளிச்சம் இல்லை, தம்பி. அதுதான் காடு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நீண்ட வார இறுதிக்கும் பதிவு செய்தாயிற்று. ஆள் கூடினால் காசைப் பிரிக்கலாம் என்று என்னையும் மறுபடி சேர்த்திருக்கிறார். நேற்று அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நீரும் வாறீராம். வீட்டில வெறும் ஜாம் போத்தல் கிடந்தா எறியாமல் கழுவிக் கொண்டு வாரும். வாய் அகண்டதாப் பாரும்."