கேபிளை மாத்தாதே தம்பி

கிளட்ச் லீவர் கனக்குதா? கனக்கட்டும் விடு. மாசா மாசம் ஜிம்முக்குக் காசு கட்டுற பிள்ளை நீ. பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னல்ல நின்னு நின்னு போறப்ப இடது கைக்கு இனாமா பயிற்சி கிடைச்சா, வேண்டாம்னா சொல்லுவே?

உன் ஒய்-சூக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டினே, கலர் ரிம் போட்டே, தாமானே தூக்கத்துல எழுந்து உக்கார்ற மாதிரி ஒரு எக்ஸோஸ் மாட்டினே. அதுக்கெல்லாம் வெள்ளி இருந்துச்சு. கிளட்ச் கேபிள் விலை, கூட்டாளிங்களோட வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டா வர்ற பில்லுக்குள்ள அடங்கிடும். அதான் சிக்கல். மலிவான சாமான்னா உனக்கு மரியாதையே வராது.

ஈஎக்ஸ்5 வச்சிருக்கிற மாமாமார் இத்தோட எழுந்து போய் ஒரு தே தாரே குடிங்க. உங்க கப்சாய்க்கு கிளட்ச் லீவரும் கிடையாது, கேபிளும் கிடையாது. என்ஜின் சுத்து ஏறினா கிளட்ச் தானா பிடிக்கும், கியரை மிதிச்சா தானா விடும். ஆசைப்பட்டு எவன்கிட்டயும் கேபிள் வாங்கிடாதீங்க.

நீ இங்க வா. லீவர் பக்கத்து ரப்பரைத் தள்ளிட்டு, கேபிள் நுனியில இருக்கிற குண்டைப் பாரு. லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் குண்டு அதோட குழியில லேசா திரும்பணும். கிரீஸ் காஞ்சு போச்சுன்னா அது திரும்பாது. கேபிளோட கழுத்துதான் ஒவ்வொரு தடவையும் மடங்கும். மடங்கி மடங்கி இழை ஒவ்வொண்ணா அறும். அறுந்த இழை ஒண்ணு நகக்கண்ணுல ஏறினா, அன்னிக்குத்தான் உனக்குப் புத்தி ஏறும். சாயங்கால மழையில உறைக்குள்ள இறங்குற தண்ணி பாக்கி வேலையைத் துருவை வச்சு முடிச்சுக்கும்.

மாத்தித்தான் தீருவேன்னா என்ஜின் ஆறட்டும். லீவர் பக்கத்து அட்ஜஸ்டர், என்ஜின் பக்கத்து அட்ஜஸ்டர் ரெண்டையும் நல்லா தளர்த்து. லீவர் பக்கத்துல அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் மாட்டியிருக்கிற கட்டை மூணுலயும் ஒரு கீறல் வெட்டு இருக்கும். மூணையும் ஒரே நேரா திருப்பி வச்சா கேபிள் தானா வெளியே வரும். திருப்பாம பிளேயரைப் போட்டு இழுக்கிறதுதான் உங்க வழக்கம். கீறலைத் தேடுறதுக்கு உழைப்பு தேவையில்ல, பொறுமை தேவை. அது எந்தக் கடையிலயும் ஸ்பேர் பார்ட்டா வர்றதில்ல.

அடுத்து என்ஜின் பக்கத்துக் கையில மாட்டியிருக்கிறதைக் கழட்டு. கழட்டினதும் சர்ருன்னு உருவிடாதே! பழைய கேபிள் நுனியில ஒரு நைலான் கயித்தைக் கட்டிட்டு அப்புறம் இழு. போன வழி முழுக்கக் கயிறு கிடக்கும். புதுசை அதுல கட்டி இழுத்தா டேங்க் அடியில, ஃபிரேம் ஓரமா, அது அது இருந்த இடத்துல போய் உக்காரும். கயிறு கட்டாத புத்திசாலி கேபிளை எக்ஸோஸ் பக்கமா விட்டு உருக்கிட்டு, கம்பெனிக்காரன் மட்டமான மால் குடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவான்.

குண்டுக்குக் கிரீஸ் தடவி மாட்டு. இனிமேதான் உன் வீரமெல்லாம் வெளிய வரும். "கிண்ணுன்னு இருக்கணும் தாத்தா"ன்னு முறுக்குவே. முறுக்கு ராசா, முறுக்கு. லீவர் ஆட்டமே இல்லாம இருந்தா கிளட்ச் முழுசாப் பிடிக்காது. த்ராட்டில் குடுத்தா என்ஜின் அலறும், வண்டி நகர யோசிக்கும், பிளேட் கருகும். கேபிள்ல மிச்சம் பிடிச்ச காசை பிளேட்டுக்குக் குடுத்துட்டு வருவே. ரொம்பத் தளர விட்டா வேற கூத்து. லீவரை முழுசாப் பிடிச்சும் கிளட்ச் விடாது, கியர் மாட்டும்போது டங்குங்கும், நியூட்ரல் கண்ணுல படாது. பொதுவா லீவர் நுனியில 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். உன் மோட்டார் கையேட்டுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. பெரிய அளவை என்ஜின் பக்கத்துல வச்சுக்கோ, சின்னத் திருத்தத்தை லீவர் பக்கத்துல செய். லாக் நட்டை முடுக்கிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாரு. ஆட்டத்தோட அளவு மாறுச்சுன்னா கேபிள் எங்கேயோ மாட்டிக்கிட்டு இழுக்குது, வழியைச் சரி பண்ணு. கடைசியா என்ஜினை அணைச்சு, முதல் கியர் போட்டு, லீவரைப் பிடிச்சுத் தள்ளு. சக்கரம் லேசா உருண்டா நீ மெக்கானிக்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறியா? ஃபெடரல் ஹைவேயில 1970கள்லயே மோட்டாருக்குன்னு தனிப் பாதை போட்டுக் குடுத்தாங்க. 2018 தொடக்கத்துல பத்து தீகா, சுங்கை ராசாவ் டோலை எடுத்தப்ப கார்க்காரன் குதிச்சான். நமக்கு அங்க எப்பவும் டோல் கிடையாது. இவ்வளவு சொகுசான பாதையில கேபிள் அறுந்தா, தள்ளிக்கிட்டு நடக்கிறதுக்கும் இடம் தாராளம்.

அறுந்துட்டா ஒரு வித்தை இருக்கு. அவசரத்துக்கு மட்டும், போக்குவரத்து இல்லாத இடத்துல. நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணு. காலால உந்தி வண்டி உருளும்போது முதல் கியரைத் தட்டு. ஒரு குலுக்கு குலுக்கிட்டுக் கிளம்பும். மேல் கியருக்கு த்ராட்டிலைச் சட்டுன்னு விட்டுட்டு மிதி. நிறுத்தணும்னா நிக்கிறதுக்கு முன்னாடியே நியூட்ரலைத் தேடிக்கோ. அப்படியே மெள்ள ஓரமா உருட்டிக்கிட்டுப் பக்கத்துல இருக்கிற பட்டறை வரைக்கும் போயிடலாம்.

அடேய், அந்த முகத்தைப் பாரு! வித்தை கிடைச்சதும் கேபிளை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளி வச்சாச்சா?