விலாங்குன்னு சொன்னியாமே?

வாடா பேராண்டி, திண்ணையில உட்காரு. நேத்து எதிர்வீட்டு மாமாவை "விலாங்கு"ன்னு சொன்னியாமே? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற ஆளாம். சரி, நீதான் முதல் பெஞ்சு ஆச்சே, விலாங்கு பாம்பா, மீனா? தலையைச் சொறியாதே, பேன் பயந்துக்கும்.

மீன்தான்டா. செவுள் உண்டு, துடுப்பு உண்டு. செதிலும் உண்டு, பொடிப்பொடியாத் தோலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். உன் வயசுல காவிரியில ஒண்ணைப் பிடிச்சேன். இறுக்க இறுக்க நழுவுது. எங்க அப்பாயி அடுப்புச் சாம்பலை அள்ளி என் உள்ளங்கையில அப்பினாங்க, அப்புறம்தான் நின்னுச்சு. உன் போன்ல சாம்பல் வருமான்னு பாரு.

தோலாலயும் மூச்சு விடும். ஈரமான ராத்திரியில புல்லுல ஊர்ந்தே அடுத்த தண்ணிக்குப் போயிடும், வாடகை பாக்கி வச்சவன் மாதிரி.

ஆத்துல வளர்ந்தாலும் அது பிறக்கிறது கடல்ல. குஞ்சு கண்ணாடி மாதிரி, இலை வடிவத்துல இருக்கும். ஆத்துக்கு வந்து வருஷக்கணக்கா வாழ்ந்துட்டு, முட்டை போட மறுபடி கடலுக்கே போகும். வழியில சாப்பாடு கிடையாது, குடலே சுருங்கிடும். நீ கும்பகோணம் போறதுக்குள்ள மூணு பாக்கெட் முறுக்கு திங்கிறே.

பெரிய பெரிய ஆளுங்களையே ஏமாத்தின மீன்டா அது. சேத்துலேருந்து தானா உண்டாகுதுன்னாரு கிரேக்கத்து அரிஸ்டாட்டில். மனசை ஆராய்ஞ்ச சிக்மண்ட் ஃபிராய்டு இருக்காரே, அவரு இளவட்டமா இருந்தப்ப, 1876-ல, ஆண் விலாங்கைத் தேடி 400 விலாங்கை அறுத்துப் பார்த்தாரு. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியல. இதுக்கு மனுஷ மனசே தேவலைன்னு போயிட்டாரோ என்னவோ! அப்புறம் டென்மார்க்குக்காரர் ஜோஹன்னஸ் ஷ்மித், 1904-லேருந்து கப்பல்ல அலைஞ்சாரு. எங்கே குஞ்சு ரொம்பச் சின்னதா இருக்கோ அங்கேதான் பிறந்திருக்கணும்னு கணக்குப் போட்டு, அட்லாண்டிக்ல சர்காசோ கடல்ல போய் நின்னாரு. ஐரோப்பா விலாங்குக்குத் தாய்வீடு அதுதான்.

கரண்ட் அடிக்கிற விலாங்கைக் கேக்கிறியா? அமேசான் பக்கம் இருக்கு, 860 வோல்ட் வரைக்கும் அடிக்கும். ஆனா அது விலாங்கே இல்லை, பேருதான் ஒட்டிக்கிச்சு. சொந்தம் பார்த்தா நம்ம கெளுத்திக்குத்தான் கிட்ட.

சர்காசோவுல விலாங்கு முட்டை போடுறதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்லை. நீ பார்த்தா எனக்குச் சொல்லு. இப்ப முதல்ல எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. கொல்லைப்பக்கமா நழுவிடாதே, அங்கே உங்க பாட்டி நிக்கிறா.