காதில் வில்லை, வாயில் நுரை

பசுவை வணங்க ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விடியற்காலை விஸ்வரூப தரிசனத்தில் பெரிய பெருமாளுக்கு எதிரே வந்து நிற்பது பசுவும் யானையும். கொஞ்ச தூரம் நடந்தால் திருவானைக்காவல். அங்கே உச்சிக்காலத்தில் அர்ச்சகரே சேலை உடுத்தி, அகிலாண்டேஸ்வரி கோலத்தில் வந்து கோபூஜை செய்கிறார். அமாவாசை என்றால் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் செய்த கை காய்வதற்குள் அகத்திக்கீரைக் கட்டு பசுவின் வாய்க்குப் போய்விடும். இந்த மரியாதை எங்கள் வார்டு கவுன்சிலருக்கும் கிடைத்ததில்லை.

அதே வாயில் கோமாரி வந்து, நாக்குத் தோல் உரிந்து, நுரை ஒழுகட்டும். அன்றைக்குப் பசு மாதா இல்லை. ஒரு படிவத்தில் ஒரு வரி.

நமக்கு வாய்த்த எரிச்சல் என்னவென்றால், தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே வைத்து ஊட்டலாம் என்று அறிவியல் சொல்லிக் கால் நூற்றாண்டாகிறது. நோய்க்கிருமியின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைக்கிறார்கள். செடி அந்தப் புரதத்தைத் தன் இலையிலேயே தயாரிக்கிறது. மாடு தின்கிறது. குடல் வழியே உடம்பு எதிரியின் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. ஊசி இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மாட்டைப் பிடித்துக் கட்ட நான்கு ஆட்கள் இல்லை. 1999-ல் அர்ஜென்டினாவில் குதிரைமசாலில் கோமாரிக் கிருமியின் புரதத்தை விளைவித்து எலிகளுக்கு ஊட்டினார்கள். எலிகள் தப்பின. எலிகளோடு கதை நின்றது.

அர்ஜென்டினா தூரம். பெங்களூரு பக்கம். இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. லட்சுமி சீதாவும் எம்.எஸ். ஷைலாவும் சகாக்களும் வெக்கை நோய்க் கிருமியின் புரதத்தை நிலக்கடலைச் செடியில் விளைவித்தார்கள். அந்த இலையை மாடுகளுக்கே தின்னக் கொடுத்தார்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவானதை 2003-ல் உலகத்துக்கு எழுதிக் காட்டினார்கள். கடலைக்கொடி! துறையூர்ப் பக்கத்தில் சம்சாரி போர் போட்டு வைத்து மாட்டுக்குப் போடுகிற அதே கடலைக்கொடி. இதைவிட நம் ஊருக்கு ஏற்ற கண்டுபிடிப்பு ஒன்று இருக்க முடியுமா?

ஒரே ஒரு சின்னச் சிக்கல். வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் தமிழ்நாட்டில். 2006-ல் நாடு விடுபட்டதென்று சான்றிதழ் வந்தது. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மருந்து வந்து சேரும்போது நோய் ஊரைக் காலி செய்துவிட்டது.

விஞ்ஞானிகள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்த கிருமியில் வழியைக் காட்டினார்கள். பிறகு ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கடலையிலேயே முயன்று செம்மறிகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். ஆனால் வழி காட்டினால் நடக்க ஆள் வேண்டுமே? கட்டுரை வெளியானதும் காரியம் முடிந்தது என்பது இந்த நாட்டு ஆராய்ச்சியின் எழுதப்படாத விதி. அந்தக் கடலை இன்றுவரை எந்தத் தொழுவத்துக்கும் வரவில்லை.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. மாடு மருந்துச் சீட்டு பார்த்துத் தின்பதில்லை. ஒன்று அரைக்கட்டு தின்னும், பக்கத்து மாடு ஒன்றரைக்கட்டு தின்னும். நாலு வயிற்றின் செரிமானத்தைத் தாண்டிப் புரதம் பிழைக்க வேண்டும். மருந்துச் செடி மனிதன் தின்னும் பயிரோடு கலந்தால் வம்பு. 2002-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் புரோடிஜீன் என்ற நிறுவனத்தின், பன்றிகளின் கழிச்சல் நோய்க்கான மக்காச்சோளம் சோயாவோடு கலந்துவிட்டது. 5 லட்சம் புஷல் சோயாவை அழித்தார்கள். நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம், அழித்த செலவு தனி. அங்கே தப்பு நடந்தது, பிடித்தார்கள், கட்ட வைத்தார்கள். இங்கே தப்பு நடக்கவே வழியில்லை. எதுவுமே நடப்பதில்லையே.

மரபணு மாற்றிய இலையை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று கவலைப்படும் கனவான்களுக்கு ஒரு தகவல். 2010-ல் பிடி கத்தரிக்காய்க்குத் தடை போட்டு நம் தட்டைக் காப்பாற்றினார்கள். சரி. 2002-லேயே அனுமதி பெற்ற பிடி பருத்தி இன்று நாட்டின் பருத்திக் காட்டில் பெரும்பகுதியைப் பிடித்திருக்கிறது. அதன் கொட்டை எங்கே போகிறது? ஊறவைத்து, ஆட்டி, பால் கறக்கும் மாட்டின் தொட்டிக்கு. இருபது வருஷமாக மாடு மரபணு மாற்றிய பருத்திக்கொட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது. யாரும் அதனிடம் அனுமதி கேட்கவில்லை, நம்மிடமும் கேட்கவில்லை. கம்பெனிக்கு லாபம் தரும் மரபணு தொட்டிக்குள் வரலாம். மாட்டுக்கு லாபம் தரும் மரபணுவுக்கு மட்டும் கமிட்டி, துணைக் கமிட்டி, சமோசா.

அரசு சும்மா இருக்கிறது என்று சொன்னால் நாக்கு அழுகும். 2011-ல் விலையில்லாக் கறவை மாடு கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் 60 ஆயிரம் மாடு என்று கணக்கு. 7 லட்சம் குடும்பங்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு. விழா, மாலை, புகைப்படம். இரண்டே வருஷத்தில், 2013-ல், காவிரி டெல்டாவில் கோமாரி புகுந்தது. கோமாரி தாக்கினால் நாட்டு மாட்டைவிடக் கலப்பின மாடு கூடுதலாகத் துவளும் என்பது மாடு வளர்ப்பவனுக்குத் தெரியும். மாட்டை இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு அது விழா முடிந்த பிறகுதான் தெரிந்ததோ என்னவோ. புகைப்படத்துக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

அப்புறம் மத்திய அரசின் முறை. 2019 செப்டம்பர் 11, மதுரா. கண்ணன் மாடு மேய்த்த ஊராகப் பார்த்துப் பிரதமர் திட்டத்தைத் தொடங்கினார். கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்குமாக ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய். 2025-க்குள் கட்டுப்பாடு, 2030-க்குள் ஒழிப்பு. மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை, அதில் பன்னிரண்டு இலக்க எண். மனிதனுக்குக் கொடுத்த அதே பன்னிரண்டு. சமத்துவம் இப்படித்தான் வரும். 2021-ல் இதை இன்னொரு திட்டத்துக்குள் நுழைத்துப் பெயரை மாற்றினார்கள். நோயின் பெயர் அப்படியே இருக்கிறது.

ஊசி நல்ல ஊசிதான். வெக்கையை உலகத்தைவிட்டே விரட்டியது ஊசிதான், அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்த கால்கள்தான். ஆனால் வெக்கைக்கு ஒரு ஊசி ஆயுசுக்கும் தாங்கியது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கொன்று வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்துத் திருச்சியில், மணப்பாறை தாண்டிய ஒரு பட்டிக்கு அது எந்த டிகிரியில் போய்ச் சேரும் என்று நீங்களே யோசியுங்கள். நோய் வந்துவிட்டாலோ, அரசுக்குத் தெரிந்த முதல் வைத்தியம் மாட்டுச்சந்தைக்குப் பூட்டு.

எனவே பொதுமக்கள் சார்பில் சில யோசனைகள்.

முதலாவது அகத்தி. மருந்துப் புரதத்தை அதில் விளைவித்தால் விநியோகத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் பித்ருக்களுக்குப் பயந்த ஜனங்கள் சொந்தக் காசில் கட்டு வாங்கி, மாட்டைத் தேடிப்போய் ஊட்டி, தொட்டுக் கும்பிட்டும் போகிறார்கள். இப்படியொரு தடுப்பூசி முகாமை எந்தத் துறை நடத்தியிருக்கிறது?

இரண்டாவது வாழை. பழத்திலேயே தடுப்பு மருந்து என்ற கனவை அமெரிக்காவின் சார்லஸ் ஆர்ன்ட்சன் 1990-களிலேயே உலகத்துக்கு விற்றார். அது மனிதனுக்காகக் கண்ட கனவு. நமக்கு மாடு போதும். திருச்சியிலோ 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது. விலை சரிகிற வருஷம் விவசாயி தாரை வெட்டி மாட்டுக்குப் போடுகிறான். பழத்தில் மருந்து மட்டும் இருந்திருந்தால், அரசின் கொள்முதல் தோல்வியே இந்நேரம் மாவட்ட மாடுகள் அத்தனைக்கும் எதிர்ப்பு சக்தி கொடுத்திருக்கும்.

மூன்றாவதுதான் நிச்சயம் பலிக்கும். எங்கள் தெரு மாடுகள் அகத்தியைவிட அதிகம் தின்பது சுவரொட்டி. காகிதத்துக்காக இல்லை, பின்னால் இருக்கும் மைதாப் பசைக்காக. மைதாவும் தாவரம்தானே? மருந்தை அதில் கலந்துவிடுங்கள். கட்சிகள் போட்டி போட்டு ஒட்டும். ஆறு மாதக் கணக்கும் தவறாது, அதற்குள் யாராவது ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் வந்தே தீரும். தேர்தல் வந்தால் பூஸ்டர்.