பரணா, தரையா?

கேள்வி: அமெரிக்காவில் மரத்தில் பரண் கட்டி, வில்லால் மான் வேட்டையாடுகிறார்களாமே! தரையில் நின்று அடிக்க முடியாதா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: முடியும். பரணில் ஏறினால் மானின் மூக்கையும் கண்ணையும் ஓரளவு ஏய்க்கலாம். தரையில் நின்றால் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்!

கலிஃபோர்னியாவின் யாஹி பழங்குடியில் கடைசியாக மிஞ்சிய இஷி, தரையில் பதுங்கியே மான் வேட்டையாடியவர். வேட்டைக்கு முன் மீன் தின்னமாட்டார், புகைக்கமாட்டார். ஓடையில் குளித்து, வாசனைத் தழையை உடம்பில் தேய்த்துக்கொள்வார். எதிர்க்காற்று பார்த்துப் புதரில் ஒடுங்கி, மடித்த இலையை உதடுகளுக்கிடையே வைத்து உறிஞ்சி, மான்கன்று போலக் குரல் கொடுப்பார். மான் தானே தேடி வரும்!

அவரிடம் வில்வித்தை கற்ற டாக்டர் சாக்ஸ்டன் போப் 1923-இல் எழுதிய நூல், அமெரிக்க வில்வேட்டைக்குப் புத்துயிர் தந்தது. பரண் உயரத்தைத் தரும். காட்டைக் கற்றுத் தருவது தரைதான்.