கன்டோன்மென்ட் எட்டாத கார்

அப்பாவின் அம்பாசடரில் கொழும்பு கேட்டது. என் காரில் கன்டோன்மென்ட் கேட்கவில்லை. இரண்டு வண்டிகளும் நின்றது திருச்சி தில்லை நகரில் ஒரே வீட்டு வாசலில்தான். கொழும்பு இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் தாண்டி. திருச்சி வானொலி நிலையமோ கன்டோன்மென்ட்டில், பாரதிதாசன் சாலையில், ஆட்டோ ஏறினால் வந்துவிடும் தூரம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கார் ரேடியோ என்றால் மீடியம் வேவ்தான். முன் மட்கார்டில் இழுத்து நீட்டும் ஏரியல். வண்டியை விட்டு இறங்கும்போது அதை உள்ளே தள்ளிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பையன்கள் வளைத்துவிடுவார்கள். 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி. கொஞ்சம் திருகினால் இலங்கை வானொலி. 1952இல் அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டைக் குறுக்கியபோது கொழும்புப் பக்கம் திரும்பிய காதுகள், 1957இல் விவித பாரதி வந்த பிறகும் முழுசாகத் திரும்பி வரவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா பேசிக்கொண்டிருந்தால், வீடு வந்த பிறகும் அப்பா காரை விட்டு இறங்கமாட்டார்.

செட் கரகரத்தால் தென்னூரில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போவோம். அவர் திருப்புளியைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுப்பார். "இஞ்சினை அணைங்கய்யா" என்பார். அணைத்ததும் சத்தம் நின்றால் கோளாறு வண்டியில். நிற்காவிட்டால் ஏரியலிலோ செட்டிலோ. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளை ஏறினால் டைனமோ, டிக் டிக்கென்று வெட்டினால் ஸ்பார்க் பிளக். அதற்கேற்ப ஒரு கண்டன்சரை மாட்டுவார். ஏரியலின் அடியைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பாடியின் தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் திரும்ப முறுக்குவார். எர்த் சரியில்லாத ஏரியல் வெறும் கம்பிதான். கடைசியாக 1400க்குப் பக்கத்தில் மெலிதாகக் கேட்கிற ஒரு நிலையத்தைப் பிடித்து, செட்டின் ஓரத்தில் உள்ள சின்ன திருகை, சத்தம் உச்சத்துக்கு வரும் வரை திருப்புவார். ஏரியலுக்கும் செட்டுக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு அது. அந்த மனிதரின் பொறுமையை நான் இன்றும் மதிக்கிறேன்.

இப்போது என் காரில் இருப்பது பழைய செட்டை எடுத்துவிட்டு மாட்டிய தொடுதிரை. படம் பளபளக்கிறது, 102.1இல் திருச்சி பண்பலை இரைகிறது, 936இல் ஒரே கொரகொரப்பு. கேட்டால் கடையில், "சார், இப்ப யாரு சார் ரேடியோ கேக்குறாங்க? போனைக் கனெக்ட் பண்ணிக்கங்க" என்கிறார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னூர்க்காரரின் வழியிலேயே போனேன்.

முதலில் இடமா, வண்டியா என்று பார்க்க வேண்டும். தில்லை நகரில் தோட்டம் வைத்த தனி வீடுகள் இருந்த குறுக்குத் தெருக்களில் இன்று அடுக்குமாடி ஆஸ்பத்திரிகள் நிற்கின்றன. பண்பலையின் அலை சுமார் மூன்று மீட்டர் நீளம். நேரே வருவதும் சுவரில் பட்டு வருவதும் மோதிக்கொண்டால் ஒலி சிதையும். சிக்னலில் நிற்கும்போது பாட்டு கெட்டு, கொஞ்சம் நகர்ந்ததும் தெளிந்தால் காரில் குறையில்லை. ஆனால் காவிரிப் பாலத்தின் திறந்த வெளியிலும் இரைந்தது. கோடைப் பண்பலை 100.5 கொடைக்கானல் மலைமேல் இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து வருவதால், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தாண்டித் திருச்சியையும் எட்டும். அதன் சுவடே இல்லை. ஆக, வண்டிதான்.

இஞ்சினை அணைத்தேன், கொரகொரப்பு நிற்கவில்லை. போன் சார்ஜரைப் பிடுங்கினேன். 936 பேச ஆரம்பித்தது! பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்க அந்தச் சின்ன சார்ஜர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த இரைச்சல் மீடியம் வேவ் முழுக்கப் பரவும். மலிவான எல்.இ.டி. பல்பும், டேஷ் கேமராவும் இதே வேலையைச் செய்யும்.

பண்பலைக்குக் காரணம் வேறு. நீட்டும் ஏரியல் முக்கால் மீட்டர் இருந்தது, பண்பலை அலையில் சரியாகக் கால்பங்கு. கூரையில் இப்போது இருப்பது விரல் நீளம். குறைந்த நீளத்தை ஈடுகட்ட அதன் அடியில் ஒரு பெருக்கி உண்டு. அதற்குத் தனியாக 12 வோல்ட் போக வேண்டும். செட் மாற்றும்போது அதற்கான நீல ஒயரை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருந்தார்கள். இணைத்ததும் கொடைக்கானல் வந்தது.

இதற்கு ஏன் இத்தனை பாடு என்று வீட்டிலும் கேட்டார்கள். திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. அறுபதுகளில் அது டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பரப்பிய ஆடுதுறை 27 ரகத்துக்கு ஊரே ரேடியோ நெல் என்று பெயர் வைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவில் பல ஊர்களில் போன் செத்துக் கிடந்தது. அப்படியொரு இரவில் கார் பேட்டரியும் மீடியம் வேவும் போதும், செய்தி வந்து சேரும். 2023இல் ஃபோர்டு தன் புதிய கார்களிலிருந்து ஏ.எம்.மை, அதாவது மீடியம் வேவை, எடுப்பதாக அறிவித்து, அவசர கால எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்று அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. நமக்கு அப்படிக் கேட்க இன்னும் ஆளில்லை. மின்சாரக் கார்களின் மோட்டார் இரைச்சல் அலையைக் கெடுக்கிறது என்பது உண்மைதான்; கவசமும் வடிகட்டியும் போட்டால் அடக்கலாம், செலவு ஆகும், அவ்வளவே.

புது செட் மாட்டுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடை வாசலில் 936ஐயும் 102.1ஐயும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜரைச் சொருகிய நிலையில்.