பேப்பரோடயா, பேப்பர் இல்லாமயா?

எங்கள் வீட்டில் நாய் வேண்டாம் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதனால் வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மகள் கேட்டது ஹஸ்கி. நீலக் கண்ணாம். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. நாங்கள் குடியிருப்பது வேளச்சேரியில், மூன்றாவது மாடியில். மேற்குப் பார்த்த பால்கனி. மே மாதம் அங்கே வடாம் போட்டால் காய்வதில்லை, நேரே பொரிந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒருவரிடம் ‘இம்போர்ட்டட் லைன்’ குட்டிகள் இருப்பதாக நண்பர் சொல்ல, குடும்பத்தோடு போனோம். வாங்குகிறவர்களான நாங்கள்தான் கேள்வி கேட்போம் என்று நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“வீட்ல ஏசி இருக்கா சார்?”

“பெட்ரூம்ல ஒண்ணு இருக்கு.”

“அப்பப் பிரச்சினையில்ல. அது அங்க படுத்துக்கும்.”

நான் எங்கே படுப்பது என்று அவரும் சொல்லவில்லை, என் மனைவியும் கேட்கவில்லை.

“பேப்பரோடயா, பேப்பர் இல்லாமயா?”

பேப்பர் என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்றிதழ். 1896இல் தொடங்கிய சங்கம். தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. பேப்பரோடு 60,000 ரூபாய், இல்லாமல் 35,000.

“இல்லாம வாங்கினா வேற குட்டியா?”

“அதே குட்டிதான் சார்.”

ஆக, 25,000 ரூபாய் தாத்தாவுக்கு. சான்றிதழ் ஒன்றை எடுத்துக் காட்டினார். அப்பா அம்மா, தாத்தா பாட்டிகள், அவர்களைப் பெற்றவர்கள் என்று பதினான்கு பெயர்கள். கல்யாணத்தன்று ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டபோது பேந்தப் பேந்த விழித்தவன் நான். “தாத்தா செர்பியாலேர்ந்து வந்தவரு சார்” என்றார். ‘வந்தவரு’! 2016இல் விற்பனைக்காக வெளிநாட்டு நாய்களைக் கொண்டுவர மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதே, அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டாராம். எனக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை.

அதுவரை வாயைத் திறக்காத என் மனைவி கேட்டாள்: “இதோட அம்மா எங்க?”

“அம்மா... கோயம்புத்தூர் போயிருக்கு மேடம்.”

“குட்டிக்கு எத்தன நாளாச்சு?”

“நாப்பது.”

“நாப்பது நாள் குழந்தைய விட்டுட்டு எந்த அம்மாங்க கோயம்புத்தூர் போவா?”

சட்டமும் அவள் பக்கம்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அவளுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. பெண் பார்க்கிற விதி தெரியும். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்கிற கட்சி அவள்.

இத்தனைக்கும் நடுவே அந்தக் குட்டி டேபிள் ஃபேனுக்கு எதிரே, நாலு காலையும் பரப்பி, வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்துக் கிடந்தது. ஃபேன் அந்தப் பக்கம் திரும்பினால் அதுவும் அந்தப் பக்கம் நகரும். நீலக் கண்ணால் எங்களைப் பார்க்கக்கூட அதற்குத் தெம்பில்லை. மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாவம்ப்பா, வேணாம்” என்றாள்.

அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு வீடு. லேப்ரடார். குட்டிக்கு 60 நாள், முதல் தடுப்பூசி ஆகியிருந்தது, தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் உண்டு. சிப்புக்கு 15 இலக்க எண். என் ஆதாருக்கு 12தான். எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மா ஊரிலேயே இருந்தது. கூடத்துக்கு வந்து மனைவியை முகர்ந்தது, மகளின் கையை நக்கியது, என்னை ஒரு கணம் யோசித்துப் பார்த்தது. பிறகு வாசலுக்குப் போய் என் இடது கால் செருப்பைக் கவ்விவந்து குட்டிகளுக்கு நடுவில் வைத்தது.

“லேப்ரடாருக்கு வாயில எப்பவும் ஏதாவது இருக்கணும் சார். சுட்ட பறவைய எடுத்துட்டு வர்றதுக்குன்னே வளர்த்த ஜாதியாச்சே” என்றார் வீட்டுக்காரர்.

“என்ன பாசம்!” என்று சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மனைவியின் பழமொழி, குட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

சான்றிதழில் குட்டிக்கு ஏதோ மகாராணி மாதிரி நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் பொன்னி என்கிறோம். இரண்டுக்கும் திரும்பாது, பிஸ்கட் டப்பா சத்தத்துக்குத்தான் வரும். அம்மாவைப் போலவே இடது கால் செருப்பு மட்டும்தான் பிடிக்கும். இப்போது வீட்டில் வலது கால் செருப்பு ஆறு இருக்கிறது. ஒன்பதாம் நம்பர், இரண்டு புத்தம் புதுசு. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். மேலே வரும்போது மட்டும் உங்கள் செருப்பைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.