கோல்டன் பூட் யாருக்கு?

ஐ.எஸ்.எல். கால்பந்தில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டை இதுவரை எத்தனை இந்தியர்கள் வாங்கியிருக்கிறார்கள்?
*- நெய்வேலி வாசகர்*

ஒருவர்கூட இல்லை! 2014 முதல் 2024-25 வரை 11 சீசன், அத்தனையிலும் வெளிநாட்டுக்காரர்கள்தான். அதில் மூன்று நம் சென்னையின் அணிக்கு வந்தது: எலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ். பிரேசில், கொலம்பியா, லிதுவேனியா!

கோல் அடிக்கும் இடத்தில் வெளிநாட்டவரை நிறுத்திவிட்டு நம் பையன்களை ஓரத்துக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்? 2024-25இல் 14 கோலோடு இரண்டாம் இடம் பிடித்தவர் சுனில் சேத்ரி. வயது 40. இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றவரைத் திரும்பவும் கூப்பிட வேண்டியிருந்தது. எனக்கு இதில் பெருமை பாதி, கவலை பாதி.

தமிழர் யாருமே முதலிடம் வந்ததில்லையா?
*- அதே வாசகர்*

ஏன் இல்லை? ஐ.எஸ்.எல். பிறப்பதற்கு வெகு முன்பே வந்தாயிற்று. 1997-98 தேசிய கால்பந்து லீகில் அதிக கோல் அடித்தவர் நம் ராமன் விஜயன். எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல். முந்தைய சீசனில் அதே இடத்தில் இருந்தவர் பாய்ச்சுங் பூட்டியா!

நெய்வேலியில் எவ்வளவு தோண்டினாலும் நிலக்கரிதான் வருகிறது. கோல் அடிக்கிறவன் எப்போது வருவான்?
*- வட்டம் 8, நெய்வேலி*

'வருவான்' என்றே ஏன் தேடுகிறீர்கள்? இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் உங்கள் கடலூர் மாவட்டத்துப் பெண்கள்தான்.

உங்கள் ஊர் பாரதி விளையாட்டரங்குக்கு நாளைக்கே ஒரு சிறுமி பந்தோடு வந்தால், தயவுசெய்து கோலுக்கு நேர் எதிரே நிறுத்துங்கள்.